புருவ மத்தியில் பத்து நிமிடம்

அம்மாவின் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்ற சோப்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. தங்க வளையலை முந்தின நாளே கழற்றி வைத்துவிட்டோம், ஆனால் தம்பி மனைவியின் வளைகாப்புக்குப் போட்ட பச்சை வளையல் நான்கும் மணிக்கட்டைத் தாண்டி இறங்கவே இல்லை. "உடைச்சிடாதடி, இன்னிக்கு வளையல் உடையக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, கை சிவக்கச் சிவக்க, உடையாமல் எடுத்தேன். அப்புறம் மூக்குத்தி. அப்புறம் தாலிக்கொடியைக் கழற்றி என் கைப்பையில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டி அவள் கழுத்தில் போட்டேன். கடைசியில் பொட்டு. முப்பது வருடத்துக்கும் மேலாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய இடம், எடுத்ததும் அங்கே மட்டும் தோல் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது.

நகையை ஏன் கழற்றச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உள்ளே மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி இருக்கிறது, உலோகம் உடம்பில் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். காரணம் தெரிந்தாலும், பச்சை கவுனில் பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பி முறையில் நான்கு சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுப்பது, மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குக் கத்தி பற்றிப் பெரிய பயம் இல்லை, மூன்று பிள்ளை பெற்றவள், வலி அவளுக்குப் புதிதில்லை. பயம் மயக்க மருந்தைப் பற்றி. "தூங்க வைக்கிறது சரி, எழுப்புறது யாரு?" என்று ஃபிட்னஸ் வாங்கப் போன அன்றே மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டாள். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். மருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் மயக்கம் இருக்கும், நிறுத்தினால் தானாகத் தெளியும், அதுவரை நான் உங்க தலைமாட்டிலேயேதான் இருப்பேன் என்றார். தலையாட்டிவிட்டு வந்தாள். அன்று இரவு தூங்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு எடுப்பதாக இருந்தது, முன்னால் போன கேஸ் நீண்டுகொண்டே போய் பத்தரை ஆகிவிட்டது. முந்தின இரவு பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பத்தரைக்குப் பிபி பார்த்தால் 176க்கு 104. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வழக்கமாகச் சாப்பிடும் பிபி மாத்திரையை ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கச் சொன்னார். "இப்படியே இருந்தா இன்னிக்கு எடுக்க முடியாதும்மா, பயப்படாதீங்க, அரை மணி நேரத்துல திரும்பப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பயப்படாதீங்க என்று சொல்லிப் பயம் போன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. அம்மா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்த சிஸ்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், தியேட்டருக்கு அனுப்பும் முன் நோயாளிகளைப் படுக்க வைத்திருக்கும் அறையில் டியூட்டி. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஏம்மா, சும்மா நிக்கறீங்களே, அம்மாவுக்கு அக்குபிரஷர் பண்ணி விடலாமே" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் மேலே எழுதினால் சரியாக இருக்காது.

கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது அதற்கு அரை வருடம் முன்பு. அப்போதே எடுத்துவிடலாம் என்றுதான் சர்ஜன் சொன்னார். ஆனால் உறவுக்காரர் ஒருவர் சொன்னார் என்று அம்மா ஒரு "ஹீலர்"இடம் போனாள். அவர் கை கால்களில் அங்கங்கே அழுத்தி, மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, கல் தானாகக் கரைந்து போகும் என்றார். நான்கு மாதம். பிபி மாத்திரையைக்கூட எங்களுக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறாள். நான்காவது மாத முடிவில் ஒரு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வந்து, மறுநாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஒரு கல் நழுவிப் பித்தக் குழாயில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு அந்தக் கல்லை எடுத்து, நோய்த்தொற்றுக்கு ஊசி மருந்து ஏற்றி, உடம்பு தேறின பிறகுதான் இந்த ஆபரேஷனுக்கே வர முடிந்தது. ஒரு நாள் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். விரலால் அழுத்திக் கல் கரையாது. பித்தக் கல்லைக் கரைக்கும் புள்ளி என்று ஒன்று உடம்பில் எங்கும் கிடையாது.

ஆகவே அந்த சிஸ்டர் "அக்குபிரஷர்" என்றதும் நான் வெடுக்கென்று, "எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வியாதியைக் குணமாக்கறதுக்குச் சொல்லல. பயத்துக்கு. இந்த அரை மணி நேரத்துக்கு மட்டும்" என்றார்.

இந்த அரை மணி நேரத்துக்கு மட்டும். பிறகு நான் தேடிப் படித்த ஆராய்ச்சிகள் எல்லாம் கிட்டத்தட்ட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வேறு வேறு விதத்தில் சொல்கின்றன.

அவர் காட்டிக் கொடுத்த விதம் இதுதான். அம்மாவைத் தலையணையில் சாய்த்து, கண்ணை மூடச் சொன்னார். நெற்றியில் எண்ணெய்ப் பசை இருந்தால் விரல் வழுக்கும் என்று பஞ்சால் துடைத்தார். என் கட்டைவிரலைப் பிடித்து நகம் பார்த்தார், நல்லவேளை வெட்டியிருந்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில், மூக்கு ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பொட்டு இருந்த அதே வெளுத்த வட்டத்தின் மேல் என் விரலை வைத்தார். "தேய்க்கக் கூடாது. தோல் மேல நழுவாம, தோலோட சேர்ந்து மெதுவா வட்டமா சுத்தணும். அமுக்கறது தெரியணும், வலிக்கக் கூடாது. அவங்க மூச்சு விடற வேகத்துக்கு நீங்களும் மூச்சு விடுங்க." பத்து நிமிடம் நிறுத்தாமல் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, நான் இடது கையால் துடைத்துவிட்டு வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். என் கை நடுங்குவது எனக்கே தெரிந்தது. மூன்றாவது நிமிடமோ நான்காவது நிமிடமோ, நெற்றிச் சுருக்கம் என் விரலுக்குக் கீழேயே தளர்ந்தது. அதை எப்படிச் சொல்வது, பிசைந்த மாவு சிறிது நேரம் கழித்து இளகிக் கொடுக்குமே, அது மாதிரி. அப்புறம் தோள் இறங்கியது. இறுக்கிப் பிடித்திருந்த போர்வையை விட்டாள். அழுகை நின்றுவிட்டது. "உன் பெரியம்மா எனக்கு இப்படித்தான் தலை பிடிச்சு விடுவா" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

பதினொன்றே காலுக்கு மறுபடி பிபி பார்த்தார்கள், 150க்கு 90. எடுத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மாத்திரையும் கொடுத்திருந்தார்கள் இல்லையா, அதனால் பிபி இறங்கியது எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த அழுகை நின்றது என் விரலுக்குக் கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

ஸ்ட்ரெச்சர் வந்ததும் விரலை எடுக்கப் போனேன். சிஸ்டர் விடவில்லை. "கதவு வரைக்கும் வாங்க, எடுக்காதீங்க" என்றார். ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து பக்கவாட்டில் நடந்து, வராந்தாவைக் கடந்து, வெளி ஆட்கள் தாண்டக் கூடாது என்று தரையில் போட்டிருந்த சிவப்புக் கோடு வரைக்கும் அப்படியே போனேன்.

அவர் ஏன் எடுக்கவேண்டாம் என்றார் என்பது எனக்குப் பல வாரம் கழித்துத்தான் புரிந்தது. 2005-ல் லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்து மயக்கவியல் டாக்டர்கள் இதையே சோதித்துப் பார்த்து 'அனஸ்தீசியா' என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருந்த 76 பெரியவர்களை இரண்டு குழுவாகச் சீட்டுப் போட்டுப் பிரித்த மாதிரி பிரித்து, ஒரு குழுவுக்குப் புருவ மத்தியில் பத்து நிமிடம், இன்னொரு குழுவுக்குச் சம்பந்தமில்லாத வேறு இடத்தில் பத்து நிமிடம் அழுத்தியிருக்கிறார்கள். நோயாளி வாயால் சொல்லும் பய அளவை மட்டும் நம்பாமல், நெற்றியில் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் படிக்கும் 'பிஸ்' என்ற கருவியையும் மாட்டியிருக்கிறார்கள். முழு விழிப்பில் அந்த எண் நூறை ஒட்டி இருக்கும், ஆபரேஷனுக்குக் கொடுக்கும் முழு மயக்கத்தில் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இருக்கும். புருவ மத்தியில் அழுத்தியவர்களுக்குப் பயமும் குறைந்தது, அந்த எண்ணும் இறங்கியது. ஆனால் விரலை எடுத்து அரை மணி நேரத்தில் பலன் போய்விட்டது.

இதைப் படித்தபோது பலர் ஏமாற்றமடைந்திருப்பார்கள், இவ்வளவுதானா என்று. எனக்கு அதுதான் இருப்பதிலேயே பயனுள்ள செய்தியாகப் பட்டது. முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து அழுத்திவிட்டு மறுநாள் பலன் எதிர்பார்த்தால் கிடைக்காது. வார்டில் ஏழு மணிக்கு அழுத்திவிட்டுப் பத்து மணிக்கு உள்ளே போனாலும் கிடைக்காது. பயம் உச்சத்துக்குப் போகும் அந்தக் கடைசிக் கட்டத்தில், பெயரைக் கூப்பிட்டதிலிருந்து கதவு மூடும் வரை, விரல் அங்கே இருக்க வேண்டும். சிஸ்டருக்கு அந்த ஆராய்ச்சி தெரிந்திருந்ததோ இல்லையோ, வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அவர் கைக்கு அது தெரிந்திருந்தது.

வேறு இடங்களும் இருக்கின்றன. மணிக்கட்டின் உள்பக்கம், சுண்டுவிரல் பக்கமாக மடிப்புக் கோட்டின் மேலேயே ஒன்று, சீனத்தில் ஷென்மென், ஆன்ம வாசல் என்று அர்த்தம். அதே பெயரில் காதின் மேல்பகுதிக் குழிவிலும் ஒன்று இருக்கிறது. காதில் அழுத்துவதை வியன்னாவில் ஆம்புலன்சில் கொண்டுபோகும் நோயாளிகளுக்குச் செய்து பார்த்து, பயம் குறைந்ததாக 2003-ல் எழுதினார்கள். ஓடும் ஆம்புலன்சில் ஒரு துணை மருத்துவப் பணியாளர் செய்யக்கூடியது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இவற்றைவிட உறுதியான ஆதாரம் இருப்பது பயத்துக்கு இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாந்திக்கு. உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறு போலத் தெரியுமே, அதற்கு நடுவில். அந்த இடத்துக்கு நெய்குவான் என்று பெயர், ஆராய்ச்சிகளில் பி6 என்று எழுதுவார்கள். எண்பதுகளில் பெல்ஃபாஸ்டில் டண்டி என்ற மயக்கவியல் பேராசிரியர் அந்த இடத்தில் ஊசி குத்திச் சோதித்ததிலிருந்து ஆரம்பித்து, 2015-ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு தொகுத்தபோது 59 ஆய்வுகள், 7,667 பேர் என்று சேர்ந்திருந்தது. வாந்தியைத் தடுக்கும் மருந்துகளுக்கு ஏறக்குறைய சமமாகவே வேலை செய்வதாக முடிவு. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று மாலை குமட்டல் வந்தபோது, மருந்து போட்டது போக, ஊசி போடாத கையில் அதை நானே அழுத்திக்கொண்டிருந்தேன்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? இந்தப் புள்ளிகளை இணைப்பதாகச் சீன மருத்துவம் சொல்லும் உயிர்ச்சக்தி ஓட்டப் பாதைகளை உடம்பை அறுத்துப் பார்த்த யாரும் கண்டதில்லை, என்னால் அதை ஏற்க முடியவில்லை. மெதுவான, ஒரே சீரான அழுத்தம், அதோடு சேர்ந்து நீளும் மூச்சு, கவனம் ஒரு புள்ளியில் போய் நிற்பது, பழக்கப்பட்ட ஒரு கை, இவ்வளவும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சியில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை என்றால் உண்மையான மாத்திரையையும் வெறும் சர்க்கரை மாத்திரையையும் கொடுப்பவருக்கே தெரியாமல் மாற்றிக் கொடுக்கலாம். விரலால் அழுத்துபவருக்குத் தான் எங்கே அழுத்துகிறோம் என்று தெரியாமல் செய்யவே முடியாது. அவர் கை தன்னையறியாமல் எதையாவது காட்டிக் கொடுத்துவிடும். இதனால் இந்தத் துறை ஆய்வுகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும்.

நம் ஊரில் உடனே இன்னொன்று சொல்வார்கள், அதற்குத்தானே நம் முன்னோர்கள் அங்கே பொட்டு வைத்தார்கள் என்று. வர்மத்தில் புருவ மத்தியைத் திலர்த காலம் என்று சொல்வது உண்மை, கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் அந்த இடத்தை மிகுந்த எச்சரிக்கையோடு தொடுவார்கள். ஆனால் ஸ்டிக்கர் பொட்டு எதையும் அழுத்துவதில்லை. அம்மா முப்பது வருடம் அங்கே பொட்டு வைத்திருந்தாள், அவள் பயம் குறையவில்லை. பத்து நிமிடம் ஒரு விரல் அங்கே இருந்தபோது குறைந்தது.

மருந்து இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், எல்லோருக்கும் மருந்து கொடுப்பது நல்லதா என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன் லோரசிபாம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்து பிரான்சில் 1,062 பேரிடம் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. மாத்திரை வாங்கியவர்களின் அனுபவம் வாங்காதவர்களைவிட நன்றாக இருக்கவில்லை, மயக்கம் தெளியத்தான் அதிக நேரம் ஆனது. வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளால் குழப்பம் வருவதும் உண்டு. அதற்காக டாக்டர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரியும். அழுத்துவதை மருந்தோடு சேர்த்துச் செய்யலாம், மருந்துக்குப் பதிலாக என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் வீட்டு நான்கு மாதத்தை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். முதலில் அங்கே இருக்கும் சிஸ்டரிடமோ மயக்க மருந்து டாக்டரிடமோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மருந்து ஏற்ற வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட்ட கையிலும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தக்குழாய் இணைப்பு வைத்திருக்கும் கையிலும் மணிக்கட்டை அழுத்தவே கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் அழுத்துவதைப் பலரும் சொல்லிக் கொடுப்பார்கள், கர்ப்பிணிகளுக்கு அந்த இடத்தைத் தொடக் கூடாது என்பது அந்த வைத்திய மரபே விதித்த எச்சரிக்கை. காதுப் புள்ளியை அழுத்துவதற்கு ஒட்டும் சின்ன உலோக மணிகளைத் தியேட்டருக்குள் போகும் முன் எடுத்துவிட வேண்டும், நகைக்குச் சொன்ன அதே காரணம். அவர்களுக்குத் தொடுவது பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், சும்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வருபவருக்கு அட்டெண்டர் என்று பெயர். அவர் வேலை பணம் கட்டுவது, மருந்து வாங்குவது, கையெழுத்துப் போடுவது, பிறகு சுவரில் சாய்ந்து நிற்பது. அன்று காலை ஐந்து மணியிலிருந்து அம்மாவை எத்தனையோ பேர் தொட்டார்கள், ஊசி குத்த, பிபி பட்டை கட்ட, வயிற்றில் மருந்து தடவ. ஆறுதலுக்காக ஒருவரும் தொடவில்லை, அவள் மகளான நான் உட்பட. நான் பில் கவுண்டருக்கும் பார்மசிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். இதை நினைக்கும்போதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

போன வருடம் என் மகனுக்கு டான்சில் ஆபரேஷன், ஏழு வயது. உள்ளே போகும்வரை அவன் நெற்றியில் நான் அழுத்தினேன், பாதியிலேயே கையைத் தட்டிவிட்டான், கார்ட்டூன் மறைக்கிறதாம். சரி என்று விட்டுவிட்டேன். அவனை அழைத்துக்கொண்டு போய்க் கதவு மூடியதும் எனக்குக் கால் நிற்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பெற்றோருக்குப் புருவ மத்தியில் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் வாயால் சொன்ன பதற்றம் குறைந்தது, நாடித் துடிப்பிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியவில்லை என்று நான் எப்போதோ படித்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மாதான் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்து, என் பொட்டை எடுத்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டு, "கண்ணை மூடு" என்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் உட்கார முடிந்தது. அவள் விரலில் லேசாகப் பூண்டு வாசனை. உள்ளே ஒரு பிள்ளை கரகரத்த தொண்டையில் அழும் சத்தம் கேட்டது, என்னுடையவன்தான். "எழுந்துட்டான்டி" என்று சொல்லிவிட்டு அம்மா விரலை எடுத்தாள்.